யமுனா டிரேடர்ஸ், சித்தூர்

"ஜாதகத்துல ஆகஸ்ட் ஏழு. ஸ்கூல் சர்டிபிகேட்டுல ஜூன் ஒண்ணு. நீ எப்பதான் பொறந்த?"

"ஆகஸ்ட் ஏழுதான். ஜூன் ஒண்ணு எட்மாஸ்டர் போட்டது. எங்க தெருவுல முக்காவாசிப் பேரு ஜூன் ஒண்ணுதான் பொறந்துக்கீறோம்."

"அப்ப நெஜமான தேதி எனக்கு மட்டுந்தான் தெரியும்னு சொல்லு."

"உனுக்கும் எங்கம்மாவுக்கும்."

கல்யாணமான ஐந்தாம் நாள், நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில், வடமாலபேட்டை நிறுத்தத்தில் நடந்த பேச்சு அது. ஜன்னல் வழியாக வாங்கிய வேர்க்கடலையை உரித்து உரித்து யமுனாவின் உள்ளங்கையில் போட்டுக்கொண்டே கேட்டான் தேவேந்திரன். பிறகு, பெண் பார்க்க அனுப்பிய ஃபோட்டோவில் அவள் காது மொட்டையாக இருந்ததைக் கிண்டல் செய்தான். அவளும் ஏதோ பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. இது 2007.

இன்று யமுனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தூர் வணிக வரி அலுவலகத்தில், ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் அவள் பெயர்.

அவள் வாங்காத வருமான வரி பேன் எண்!

பிறந்த தேதி... ஆகஸ்ட் ஏழு, 1978.

* * *

எல்லாம் முந்தின நாள் காலை ஒரு ஃபோன் மணியில் ஆரம்பித்தது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் யமுனாவுக்கு வேலை. ஜெராக்ஸ் எடுப்பதைவிட ஃபாரம் நிரப்புவதுதான் அதிகம். பேன் கார்டு ஃபாரம். ஊருக்கெல்லாம் பேங்க் கணக்கு, லோன், சொந்த வண்டி என்று ஆசை வந்துவிட்ட காலம். எதற்குப் போனாலும் அந்தப் பத்து எழுத்து எண்ணைக் கேட்டார்கள்.

தினமும் ஒரே சண்டை. கல்யாணமான பெண்களும் அப்பா பெயர்தான் எழுத வேண்டும், புருஷன் பெயர் கூடாது என்று அவள் சொல்வாள். கூட வந்த புருஷன்கள் முறைப்பார்கள். ஃபோட்டோ ஒட்டாமல் கையெழுத்துப் போடாதே என்பது அவளுடைய இன்னொரு சட்டம். முதலில் முகம், பிறகு கையெழுத்து.

இத்தனைக்கும் அவளுக்கென்று ஒரு பேன் கார்டு கிடையாது. வருமானம் இருந்தால்தானே வரி!

ஃபோன் அடித்தது. அம்மா ருக்மணி. நகரியிலிருந்து.

"யமுனா, இன்னா கம்பெனிடி தொறந்துக்கீற?"

"இன்னா கம்பெனி?"

"சித்தூரு ஆபீசருங்க ரெண்டு பேரு வந்து, நோட்டீஸ் ஒட்டிட்டுப் போய்க்கீறாங்க. யமுனா டிரேடர்ஸாம். நீதான் ஓனராம். வரி கட்டலன்னா தறிய ஜப்தி பண்ணுவாங்களாம்."



நகரியில் நாலு விசைத்தறி. அது நிற்கும் ஷெட். அப்பா கன்னையா போன பிறகு எல்லாம் யமுனா பேரில். அம்மா சாப்பிடுவது அந்தத் தறிச் சத்தத்தில்தான்.

தறி போனால் அம்மா தெருவில்!

* * *

மறுநாள் காலை பதினோரு மணி. சித்தூர்.

அதிகாரியின் பெயர் கோவர்த்தனன். ஐம்பது வயது, வெற்றிலைச் சிவப்பில் பல், பாதி தெலுங்கு பாதி தமிழ். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரா அம்மா. முதலாளி பஸ்லயா வந்தீங்க?"

"சார், நான் முதலாளி இல்ல. ஜெராக்ஸ் கடையில வேலை செய்றேன்."

"எல்லா முதலாளியும் எங்கிட்ட அப்படித்தாம்மா சொல்வாங்க."

யமுனா டிரேடர்ஸ் நூல் வியாபாரம் செய்ததாகக் கணக்கு. உண்மையில் ஒரு கண்டு நூல்கூட அங்கே வந்ததில்லை, போனதில்லை. சரக்கே இல்லாமல் பில் மட்டும் விற்றிருக்கிறார்கள். அந்த பில்லில் வசூலான வரியை அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. பதினோரு லட்சம். ரிட்டர்ன் எல்லாம் தபாலில் வந்தன. கடையை நேரில் போய்ப் பார்த்தால் பூட்டு. இவ்வளவையும் கோவர்த்தனன் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

பிறகு அந்த ஜெராக்ஸ் தாளை நகர்த்தினார்.

வியாபாரத்துக்கு ஒரு எண். இருபத்தெட்டில் ஆரம்பிக்கும் பதினோரு இலக்க டின் நம்பர். அதற்கு ஆதாரமாகக் கொடுத்த பேன் எண் கீழே.

யமுனாவின் கண் பழக்கத்தால் நேரே நாலாவது எழுத்துக்குப் போனது.

பி!

"இது கம்பெனியோட பேன் இல்ல சார்," என்றாள் மெதுவாக. "கம்பெனின்னா நாலாவது எழுத்து சி. கூட்டு வியாபாரம்னா எஃப். இது பி. தனி ஆளு."

கோவர்த்தனன் மெல்வதை நிறுத்தினார். "பர்வாலேதே... தெரிஞ்சுதானே பேசறே? அப்ப இதுவும் தெரிஞ்சிருக்கும். கம்பெனி போண்டியானா கம்பெனியோட போச்சு. இது தனி ஆள் நடத்தற கடை. வியாபாரத்துக்கும் ஆளுக்கும் ஒரே பேன். கடையோட கடன் ஆளோட கடன். தறி, ஷெட், நகை... எல்லாம் வரும்."

ஐந்தாவது எழுத்து, கே.

அது பெயரின் கடைசிப் பாகத்துக்கு உரிய எழுத்து. யமுனா கன்னையா. அதனால் கே. கல்யாணத்துக்குப் பிறகு அவள் எழுதுவது யமுனா தேவேந்திரன். டி வந்திருக்க வேண்டும்.

ஃபோட்டோ இருந்த இடம் ஜெராக்ஸில் கறுப்புச் சதுரமாக இருந்தது. காது மூக்கு எதுவும் தெரியவில்லை. அசல் ஃபைல் ரெக்கார்டு ரூமில் இருக்கிறது, மதியம் எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றார் கோவர்த்தனன்.

அப்போதுதான் அவள் பிறந்த தேதியைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் ஏழு.

ரேஷன் கார்டில் இல்லாத தேதி. ஓட்டர் ஐடியில் இல்லாத தேதி. பேன் ஃபாரத்தில் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்பதில்லை. வாயால் சொன்னால் போதும். சொன்னவனுக்குத் தெரிந்திருக்கிறது!

அப்ப நெஜமான தேதி எனக்கு மட்டுந்தான் தெரியும்னு சொல்லு...

வேர்க்கடலை வாசனை மூக்கில் அடித்தது.

* * *

தேவேந்திரன் குவைத்தில் டிரைவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வருவான். போன லீவில் கிளம்புகிற அன்று காலை, ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அடியில் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னான். என்னவென்று கேட்டதற்கு, பேங்க் விஷயம், அப்புறம் சொல்கிறேன் என்றான். இரண்டு ஃபோட்டோவும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவள் அன்றைக்கு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். கட்டினவனாயிற்றே!

அலுவலக வாசலில் புளியமரத்தடியில் நின்று குவைத்துக்குப் போட்டாள். நாலாவது தடவை எடுத்தான்.

"மாமா, அன்னிக்கு எங்கிட்ட கையெழுத்து வாங்கினியே ஒரு காயிதம். அது இன்னாத்துக்கு?"

அந்தப் பக்கம் வண்டி ஹாரன் ஒன்று கேட்டது.

"அது... இப்ப எதுக்குக் கேக்குற?"

"கேக்குறேன். சொல்லு."

"ஃபோன்ல சொல்ற விஷயம் இல்ல யமுனா. ரொம்ப நாளா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு... சரி, முதலாளி கூப்புடறாரு. சாயங்காலம் போடறேன்."

கட்.

யமுனா கையிலிருந்த செல்லையே பார்த்தாள். ஆறு வருடத்தில் அவன் இப்படித் தடுமாறி அவள் கேட்டதில்லை.

ஐந்தாவது எழுத்தில்தான் ஒரு நெருடல். தேவேந்திரன் அவள் பெயரை எங்கே எழுதினாலும் டி. யமுனா என்றுதான் எழுதுவான். குடைக் காம்பில்கூட. அவன் எப்படி கே போட்டான்?

வேண்டுமென்றே போட்டிருப்பான். மாட்டாமல் இருக்க!

சந்தேகம் வந்துவிட்டால் நல்ல காரணம்கூடக் கெட்ட காரணமாகத் திரும்பிக்கொள்கிறது.

* * *

யமுனா டிரேடர்ஸின் முகவரி வெல்ல மண்டித் தெருவில், ஒரு மண்டியின் மாடியில் இருந்தது. படியெல்லாம் பிசுபிசுப்பு. ஈ. மாடியில் இரண்டு அறைகள். ஒன்று பூட்டியிருந்தது. இன்னொன்றின் வாசலில், வரி ஆலோசகர் என்று பெயரோடு தெலுங்கில் பலகை.

பலகைக்குப் பின்னால் இருந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் சந்தனம், இஸ்திரி போட்ட சட்டை, இனிமையான குரல். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் கொடுத்தார். முழுக் கதையையும் இடையில் பேசாமல் கேட்டார். பக்கத்து அறைக்கு எப்போதாவது ஒரு ஆள் வந்து போவான், முகம் ஞாபகமில்லை என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த மாதிரி கேஸ் நான் நிறைய பாத்திருக்கேன். நூத்துக்குத் தொண்ணூறு கட்டினவருதான். பொண்டாட்டி பேர்ல திறப்பாங்க. மாட்டினா பொண்டாட்டி. மாட்டலைன்னா காசு."

யமுனாவின் கண் நிறைந்தது. அவள் மனதுக்குள் முனகிக்கொண்டிருந்ததை வேறொருவர் வாயால் கேட்டாகிவிட்டது.

ஒரே வழி இருக்கிறது என்றார் அவர். வியாபாரத்தை மூடிவிட்டதாக ஒரு விண்ணப்பம். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. மீதியை அவர் பார்த்துக்கொள்வார், பேசித் தவணை வாங்கித் தருவார். ஃபீஸ்கூட வேண்டாம்.

ஃபாரம் தயாராக அவர் மேஜை அறையிலேயே இருந்தது.

பேனாவைத் திறந்தும் கொடுத்தார்.

யமுனா வாங்கினாள். பேனா முனை தாளைத் தொட்டது. 'ய' எழுத ஒரு நொடிதான்...

கை நின்றது.

"ஃபோட்டோ எங்க ஒட்டணும்?"

"இதுக்கு ஃபோட்டோ வேணாம்மா."

"மொதல்ல முகம், அப்பறம் கையெழுத்துங்க. எங்க கடையில அதான் பழக்கம். ஆபீசர் சாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அங்கியே போடறேன்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது... போனது.

உடனே புன்னகைத்தார். "அதுக்கென்ன, நானும் கூட வரேன். சார் எனக்குத் தெரிஞ்சவர்தான். என் முன்னாடியே போட்டுடுங்க."

* * *

மதியம் மூன்று மணி.

கோவர்த்தனன் மேஜையில் அசல் ஃபைல் வந்திருந்தது. தூசி தட்டிப் பிரித்தார். ஆலோசகரைப் பார்த்து, நீங்க எங்க இந்தப் பக்கம் என்று கேட்டார். பாவம், பெண் பிள்ளை, உதவிக்கு வந்தேன் என்றார் அவர்.

"இந்தாம்மா, பார்த்துக்கோ. ஃபோட்டோ நீதானே?"

யமுனா குனிந்தாள்.

வண்ணப்படம். முகம் மட்டும் வெட்டி ஒட்டியது. இருபத்திரண்டு வயது யமுனா வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

காதில் ஜிமிக்கி. பச்சைக்கல் ஜிமிக்கி!

வடமாலபேட்டை பஸ் பேச்சின் மறந்த பாதி, வார்த்தை மாறாமல் காதில் விழுந்தது.

"ஃபோட்டோல இன்னா காது மொட்டையாக் கீது?"

"அது ரெண்டாவது ஃபோட்டோ மாமா. மொத ஃபோட்டோவுல எங்க பெரியம்மாவோட பச்சைக்கல் ஜிமிக்கி போட்டுக்கினுதான் எடுத்தேன். ஒரே ஒரு காப்பி. அத வாங்கிக்கினு போனவங்க திருப்பித் தரவே இல்ல. உங்க வூட்டுக்குன்னு மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். பெரியம்மா ரெண்டாவது தபா ஜிமிக்கி தரமாட்டேன்னுட்டாங்க."

தேவேந்திரன் இந்தப் படத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டிலிருந்து ஜாதகமும் ஃபோட்டோவும் போகும். வேண்டாமென்றால் இரண்டும் திரும்பி வர வேண்டும். அதுதான் முறை. அந்த முதல் இடத்திலிருந்து ஜாதகம் மட்டும் வந்தது. பொருந்தவில்லை என்று ஒரு வரி. மாப்பிள்ளை பெண் பார்க்கக்கூட வரவில்லை. ஃபோட்டோவைக் கேட்டு அம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். பதில் இல்லை.

ஜாதகத்தில் என்ன இருக்கும்? பெண் பெயர். அப்பா பெயர். ஊர். நிஜமான பிறந்த தேதி.

பேன் ஃபாரத்துக்கு வேண்டிய அத்தனையும்! ஃபோட்டோ உட்பட!

அதனால்தான் ஐந்தாவது எழுத்து கே. இதைச் செய்தவனுக்கு அவள் கன்னையா மகள் என்று மட்டும்தான் தெரியும். தேவேந்திரன் மனைவி ஆனது தெரியாது.

யமுனா செல்லை எடுத்தாள். ஸ்பீக்கரை அழுத்தி மேஜை மேல் வைத்தாள்.

"அம்மா, பெரியம்மா ஜிமிக்கி போட்டுக்கினு எடுத்த ஃபோட்டோ... அது யாரு வூட்டுக்கும்மா குடுத்தோம்?"

"இப்ப இன்னாத்துக்குடி அது? துன்னியா இல்லியா நீ?"

"சொல்லும்மா."

"தரகரு கங்கையா வாங்கிக்கினு போனாரே. சித்தூருப் பையன். சேல்ஸ் டாக்ஸ் கணக்கு எழுதறவரு. பேரு கூட... இருடி... ஆதிநாராயணன்."

கோவர்த்தனன் ஆலோசகர் பக்கம் திரும்பினார்.

பலகையில் இருந்த பெயர் யமுனாவின் நினைவுக்கு வந்தது. தெலுங்கில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேதான் உள்ளே போயிருந்தாள்.

வரி ஆலோசகர் ஆதிநாராயணன் மெதுவாக எழுந்தார்.

"பேசிக்கிட்டிருங்க சார். டீ சொல்லிட்டு வந்துடறேன்."

"உக்காரய்யா," என்றார் கோவர்த்தனன். எழுந்து போய் கதவுக்குத் தாழ் போட்டார். "டீ இங்கயே வரும். போலீசும் இங்கயே வரும்."

ஆதிநாராயணனின் சந்தனத்தில் வியர்வை கோடு போட்டது. யாரோ அதே பெயரில் இன்னொருத்தர் இருக்கலாம் என்றார். ஃபோட்டோ எங்கோ தொலைந்துபோனது, யாராவது எடுத்திருக்கலாம் என்றார். ஒவ்வொரு பொய்யும் முந்தையதை விடச் சின்னதாக இருந்தது.

யமுனா அவரை நேராகப் பார்த்தாள்.

"ஜாதகம் பொருந்தலன்னு சொல்லி அனுப்புனீங்களே. டின் நம்பருக்கு மட்டும் பொருந்திச்சா?"



ஆதிநாராயணன் கையோடு கொண்டுவந்திருந்த அந்த மூடல் விண்ணப்பத்தைக் கோவர்த்தனன் எடுத்துப் பார்த்தார். உரிமையாளர் என்ற இடம் காலியாக இருந்தது. ஒரு சின்ன மசிப்புள்ளி மட்டும்.

"நீ பிழைச்சே அம்மா. இந்த ஃபைல்ல இருக்கிற உன் கையெழுத்து எல்லாமே போலி. இதுல போட்டிருந்தா இது ஒண்ணுதான் அசல். கடை என்னுதுன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. தறி போயிருக்கும். இவன் கையைக் கழுவிட்டுப் போயிருப்பான்."

* * *

மாலை ஐந்தரைக்குள் வெல்ல மண்டி மாடியில் இரண்டு அறைகளும் திறக்கப்பட்டன.

பூட்டியிருந்த அறையின் சாவி ஆதிநாராயணன் இடுப்புக் கயிற்றில் இருந்தது. உள்ளே ஒரு இரும்பு பீரோ. பீரோவுக்குள் பழுப்பு உறைகள், வரிசையாக. ஒவ்வொரு உறையிலும் மூலையில் மஞ்சள் தடவிய ஜாதகத்தின் நகல். ஒரு பெண் ஃபோட்டோ. ஒரு பேன் கார்டு. ஒரு டின் நம்பர்.

கான்ஸ்டபிள் எண்ணினார்.

பதினேழு!

பத்து வருடமாகத் தரகர்கள் கொண்டுவந்த பதினேழு பெண்கள். நாராயணவனம், குப்பம், புத்தூர் என்று ஊருக்கு ஒருத்தி. எல்லாருக்கும் இப்போது வேறு வேறு இடத்தில் கல்யாணமாகிப் பெயரின் பின்பாதி மாறியிருந்தது. அதனால் யாரும் தேடமாட்டார்கள் என்று ஆதிநாராயணன் கணக்குப் போட்டிருந்தான். கார்டுகள் அவன் கொடுத்த கடை முகவரிக்கே தபாலில் வந்தன. நகரி முகவரி ஜாதகத்தின் பின்பக்கம் அம்மா எழுதிக் கொடுத்தது. அதை வீட்டு முகவரி என்ற கட்டத்தில் அப்படியே நிரப்பியதுதான் அவனுடைய தப்பு. நோட்டீஸ் அங்கே போனது.

கோவர்த்தனன் பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினேழு பொண்ணை வேணாம்னு சொன்னவன்... ஒருத்தியையும் விடல பாரு."

யமுனா மீது நடவடிக்கை இராது, நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப்பில் அனுப்பி வைத்தார். முதலாளியைப் பஸ்ஸுக்கு நடக்கவிடக் கூடாதாம்.

* * *

திருப்பதி பஸ் கிளம்பி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். செல் அடித்தது.

தேவேந்திரன்.

யமுனா எடுத்தாள். காலையிலிருந்து இந்த மனிதனை எத்தனை தடவை மனதுக்குள் ஜெயிலுக்கு அனுப்பியிருப்பாள்! நடந்ததையெல்லாம் விட்டு விட்டுச் சொன்னாள். சந்தேகப்பட்டதையும் மறைக்கவில்லை. ஆதிநாராயணன் பெயர் வந்ததும் தேவேந்திரன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

"சரி மாமா. என் தப்பு நா சொல்லிட்டேன். அந்தக் காயிதம் இன்னாத்துக்கு?"



திருப்பதியில் ஒரு பேங்க் என்றான். செகண்ட் ஹேண்டில் ஒரு சுமோ வண்டி பார்த்திருக்கிறான். மலைக்கு டாக்ஸி ஓட்டலாம். லோனுக்கு மனைவியின் ஜாமீன் கேட்டார்கள். ஃபோட்டோவும் கேட்டார்கள். லோன் போன மாதமே தயாராகிவிட்டது. ஆனால் குவைத் பணம் நின்றால் அவள் என்ன சொல்வாளோ, நகரியில் என்ன சொல்வார்களோ... ஒவ்வொரு லீவிலும் கேட்க வாயெடுத்து, ஒவ்வொரு லீவிலும் விமானம் ஏறிவிட்டான்.

பஸ் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. பக்கத்து சீட்டுக் குழந்தை அவள் வளையலை எண்ணிக்கொண்டிருந்தது.

"ஆறு வருஷமா கேக்கணும்னு நெனைக்கிறேன்," என்றான் தேவேந்திரன். குரல் உடைந்திருந்தது. "நா அங்கியே வந்துடட்டுமா யமுனா?"

யமுனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதலாளியம்மா அந்தக் காயிதத்துல அப்பவே கையெழுத்து போட்டாச்சு மாமா. நீதான் வேலைக்கு வந்து சேர லேட்டு."